ஜூவுக்கு வர்றவங்களைப் பாத்துக்கறதும், அவங்களைப் பாக்க வைக்கிறதும்

ஞாயித்துக்கிழமை மத்தியானம் மூணு மணி. புலி அகழிக்கு முன்னாடி ஒரு நாப்பது பேர் நிக்கிறாங்க, புலி மூங்கில் நிழல்ல நமக்கு முதுகு காட்டிப் படுத்திருக்கு. "டேய் எந்திரிடா", "ஏய் புலி", விசில், கைதட்டல், ஒருத்தர் செருப்பைக் கழட்டி சுவத்துல அடிக்கிறார், ஒரு பையன் குனிஞ்சு கல் தேடுறான். வாலண்டியரா மொத நாள் நிக்கிற உங்களுக்கு அங்க என்ன பண்ணணும்னு பெரும்பாலும் யாரும் சொல்லிக் குடுத்திருக்க மாட்டாங்க, கழுத்துல ஒரு ஐடி கார்டு மாட்டி, கையில ஒரு விசில் குடுத்து, பாத்துக்கோங்கன்னு அனுப்பியிருப்பாங்க. எட்டு வருஷமா லீவு நாள்ல நின்னு நான் கத்துக்கிட்டதை எழுதுறேன். வாலண்டியரா சேர்றவங்க, ஸ்கூல் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வர்ற டீச்சருங்க, புதுசா வேலைக்கு வந்த கார்டு தம்பிங்க, எல்லாருக்கும் ஆகும்.

விசிலை மொதல்ல பாக்கெட்ல போடுங்க

கத்துறவர் யாருன்னு கொஞ்சம் யோசிங்க. வண்டலூரையே எடுத்துக்கோங்க. திண்டிவனத்துல இருந்து விடியக்காலையில எந்திரிச்சு, ஆறு பேருக்குப் புளிசாதம் கட்டி, பஸ் ஏறி, ஜிஎஸ்டி ரோட்டுல இறங்கி, கியூல நின்னு டிக்கெட் வாங்கி, வெயில்ல அவ்ளோ தூரம் நடந்து வந்து பாத்தா புலி தூங்குது. 602 ஹெக்டேர்ங்க அந்த இடம், நடந்தே கால் ஓய்ஞ்சிடும். தோள்ல இருக்கிற குழந்தை "புலி எங்கப்பா"ன்னு அழுவுது. அந்த அப்பாவுக்குப் புலி மேல என்ன கோவம் இருக்கப் போவுது, குழந்தைக்கு ஒரு தடவை அது மூஞ்சியைக் காட்டிடணும், அவ்ளோதான். கல் தேடுற பையனும் அதேதான், அந்த மிருகம் தன்னை ஒரு தடவை திரும்பிப் பாக்கணும்னு அவனுக்கு ஆசை. இங்க நிறைய பேருக்கு ஒரு மிருகத்தை எப்படிப் பாக்கணும்னு யாரும் காட்டவே இல்ல. அதைக் காட்டிட்டீங்கன்னா பாதி தொல்லை அங்கயே நின்னுடும், நான் இந்த எட்டு வருஷத்துல உறுதியா நம்புறது இது ஒண்ணுதான், மீதியெல்லாம் இதோட கிளைங்கதான்.

அதனால செய்ய வேண்டியது இப்படி. நேரா அவர் பக்கத்துல போய் நில்லுங்க. அவரைப் பாக்காதீங்க, புலியைப் பாருங்க. ஒரு பத்து செகண்ட் சும்மா பாத்துட்டு, மெதுவா, "அண்ணா, அதோட காதைப் பாருங்களேன், நீங்க கூப்பிடும்போதெல்லாம் ஒரு காது மட்டும் இந்தப் பக்கம் திரும்புது பாருங்க"ன்னு சொல்லுங்க. குழந்தைகிட்ட, "பாப்பா, புலிக்குக் காதுக்குப் பின்னாடி வெள்ளையா பொட்டு வெச்சிருக்கு பாத்தியா, ரெண்டு காதுலயும் இருக்கு"ன்னு காட்டுங்க. அவ்ளோதான், அந்தக் குழந்தை அழுகையை நிறுத்திட்டு பொட்டைத் தேட ஆரம்பிக்கும், அப்பாவும் தேடுவாரு, பக்கத்துல நிக்கிற நாலு பேரும் "எங்க எங்க"ன்னு எட்டிப் பாப்பாங்க, சத்தம் தானா இறங்கிடும். அதுக்கப்புறம் கேக்க வேண்டியதைக் கேளுங்க: "வெயில் இறங்குனதும் தண்ணிக்கு வரும்ணா, நாலு மணிக்கு மேல இந்தப் பக்கம் ஒரு ரவுண்டு வாங்க, இப்ப கொஞ்சம் தூங்கட்டும்." இதுல ஒரு விஷயம் முக்கியம், அந்த நாலு மணிங்கறது நிஜமா இருக்கணும். காலையில டூட்டிக்கு வந்ததும் கீப்பர் அண்ணன்கிட்ட போய் எந்த மிருகம் எப்ப வெளிய வரும், எப்ப தண்ணியில இறங்கும், எதுக்கு இன்னைக்கு உடம்பு சரியில்லன்னு கேட்டு சின்ன நோட்டுல எழுதி வெச்சுக்கோங்க. கூட்டத்துக்கு நீங்க குடுக்கக்கூடிய பெரிய பரிசு அந்த நோட்டுதான்.

கூப்பிடுற வார்த்தை ரொம்ப முக்கியம். குழந்தை முன்னாடி அப்பாவை அதட்டவே அதட்டாதீங்க, அவர் தன்மானத்துக்காக இன்னும் ரெண்டு தடவை கத்துவாரு. வயசானவங்கன்னா ஐயா, அம்மா. காலேஜ் பசங்க கூட்டமா வந்தா அதுல தலை மாதிரி ஒருத்தன் இருப்பான், அவனைக் கண்டுபிடிச்சு தனியா, "ப்ரோ, இங்க கருமந்திக் குரங்கு குட்டி போட்டிருக்கு, சத்தம் கேட்டா தாய் குட்டியைத் தூக்கிட்டு உள்ள ஓடிடும், உங்க கேங்கைக் கொஞ்சம் பாத்துக்கோங்க"ன்னு பொறுப்பைக் குடுத்துடுங்க. பத்துல எட்டு தடவை அவனே மத்தவங்களை அடக்கிடுவான். அந்த மீதி ரெண்டு தடவைக்குத்தான் விசிலும் செக்யூரிட்டியும்.

சட்டத்தை எப்ப எடுக்கணும்னா, எல்லாம் முடிஞ்சதுக்கப்புறம். 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல 38ஜேன்னு ஒரு பிரிவு இருக்கு, ஜூல இருக்கிற மிருகத்தைச் சீண்டுறது, அடிக்கிறது, தீனி போடுறது, சத்தம் போட்டுத் தொந்தரவு பண்றது, குப்பை போடுறது எல்லாமே குத்தம், ஆறு மாசம் வரைக்கும் ஜெயில் தண்டனைக்கு இடமிருக்கு. நிறைய பேருக்கு இது தெரியாது, "சும்மா ஒரு பிஸ்கட்தானே சார்"ம்பாங்க. இதை மிரட்டலா சொல்லாம தகவலா சொல்லுங்க, "அண்ணா இது கேஸ் ஆகுற விஷயம், உங்க குடும்ப நாளு வீணாப் போயிடும்"னு சொன்னா பெரும்பாலும் கேட்டுப்பாங்க. கல் எறிஞ்சவங்க, கூண்டு மேல ஏறுனவங்க, குடிச்சிட்டு வந்தவங்க, இந்த மூணு பேருகிட்ட மட்டும் பாடம் நடத்த நிக்காதீங்க, உடனே வாக்கி டாக்கியில சொல்லிடுங்க.

தீனி போடுறவங்க

இதுக்குத்தான் நிறைய நேரம் எடுத்துக்கணும், ஏன்னா இதைச் செய்யறவங்க அன்புல செய்யறாங்க. வாயில்லா ஜீவனுக்கு ஒரு வாய் போட்டா புண்ணியம்னு வளந்தவங்க நம்ம. காக்காவுக்குச் சோறு வெச்சுட்டுத்தான் சாப்பிடுறோம். அந்த மனசைக் குத்தம் சொல்லிட்டா அவங்க உங்ககிட்ட வேற எதையும் கேக்க மாட்டாங்க.

நான் மாட்டுப் பொங்கலை வெச்சு சொல்லுவேன். மாடு வெச்சிருக்கிற வீட்டுக்காரங்களுக்குத் தெரியும், பொங்கல் அன்னைக்கு ஆசைப்பட்டு சோறும் பொங்கலும் அள்ளி அள்ளிக் குடுத்தா மறுநாள் மாடு வயிறு உப்பிப் படுத்துடும், சில மாடு செத்தே போயிடும், ஒவ்வொரு பொங்கலுக்கும் கால்நடை டாக்டருங்க இதைச் சொல்லிட்டேதான் இருக்காங்க. அசை போடுற மிருகத்தோட முதல் வயிறு புல்லுக்கும் தழைக்கும் ஏத்த மாதிரி இருக்கு, அதுல சோறு, பிரட், பிஸ்கட் மாதிரி மாவுப் பொருள் நிறைய போனா உடனே புளிச்சு அமிலம் ஏறிடும். புள்ளிமான், மிளா, வெளிமான், காட்டுமாடு, ஒட்டகச்சிவிங்கி எல்லாமே அசை போடுற சாதிதான். "ஐயா, உங்க வீட்டு மாட்டுக்கு எது ஆகாதோ அது மானுக்கும் ஆகாது, அதோட இந்த மானுக்கு நீங்க ஒருத்தர் இல்ல, இன்னைக்கு வர்ற அத்தனை பேரும் ஆளுக்கு ஒரு பிஸ்கட் போட்டா என்னாகும் பாருங்க"ன்னு சொன்னா ஊர்க்காரங்க டக்குனு புரிஞ்சுப்பாங்க. பட்டணத்துக்காரங்களுக்குத்தான் மாட்டு வயித்துல இருந்து ஆரம்பிச்சு விளக்க வேண்டியிருக்கு.

குரங்குக்கு வேற கதை. சிப்ஸ், மிக்சர், கூல்டிரிங்ஸ், எல்லாத்தையும் வாங்கிக்கும், அதனால "அதுக்குப் புடிச்சிருக்கு பாருங்க"ம்பாங்க. நம்ம பிள்ளைக்கும்தான் புடிக்கும், மூணு வேளையும் அதையே குடுக்குறோமா? உப்பும் சக்கரையும் எண்ணெயும் அதுக்குப் பல்லுல இருந்து சக்கரை வியாதி வரைக்கும் கொண்டு வரும். அதோட ஒருத்தர் கையில சிப்ஸ் பாக்கெட்டைப் பாத்துப் பழகுன குரங்கு அடுத்த குழந்தை கையில இருக்கிற எதையும் பிடுங்கும். வால்பாறை புதுத்தோட்டம் பக்கம் சோலைமந்தி, அதாவது சிங்கவால் குரங்கு, வீடுங்களுக்குள்ள வர்றதையும் ரோட்டோரம் மனுஷங்க கையை எதிர்பாத்து நிக்கிறதையும் பாத்தவங்களுக்கு நான் சொல்றது நல்லாவே புரியும்.

கவரோட தூக்கிப் போடுறதுதான் எல்லாத்தையும் விட மோசம். 2012ல இந்தோனேசியாவுல சுரபயா ஜூல ஒரு ஒட்டகச்சிவிங்கி செத்துச்சு, அறுத்துப் பாத்தா வயித்துல கிட்டத்தட்ட 20 கிலோ பிளாஸ்டிக் உருண்டையா இருந்துச்சு, வருஷக்கணக்கா ஜனங்க போட்ட சாப்பாட்டுப் பாக்கெட் கவருங்க. இந்த ஒரு விஷயத்தை நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்னு கணக்கே இல்ல, சொன்னதும் அம்மாங்க கையில இருக்கிற கவரை ஒரு தடவை பாத்துட்டு பைக்குள்ள திணிச்சுக்குவாங்க.

இன்னொரு கேள்வி கண்டிப்பா வரும், "சிங்கம் ஒல்லியா இருக்கே, சோறே போட மாட்டீங்களா?" கோவப்படாதீங்க, இது அக்கறையில வர்ற கேள்வி. ஒவ்வொரு மிருகத்துக்கும் எவ்ளோ, எப்போன்னு டாக்டர் போட்ட அட்டவணை இருக்கு, அதை வாய்ப்பு இருந்தா ஒரு போர்டுல எழுதி வைக்கச் சொல்லுங்க. பல ஜூக்கள்ல சிங்கம் புலிக்கு வாரத்துல ஒரு நாள் சாப்பாடே கிடையாது, காட்டுல தினமும் வேட்டை கிடைக்காது, வயித்துக்கு அந்த ஓய்வு நல்லது, நம்ம வீட்டுல பாட்டி ஏகாதசிக்கு இருக்கிற மாதிரின்னு சொன்னா சிரிச்சுக்கிட்டே மனசுல ஏத்துக்குவாங்க. அப்படியும் ஏதாவது குடுத்தே ஆகணும்னு நிக்கிறவங்களுக்கு வழி இருக்கு, வண்டலூர் மாதிரி ஜூக்கள்ல மிருகத்தைத் தத்தெடுக்குற திட்டம் இருக்கு, நம்மால முடிஞ்ச சின்ன பறவையில இருந்து ஆரம்பிச்சு அதோட தீனிச் செலவை ஏத்துக்கலாம். பிறந்தநாளுக்கு இதைச் செய்யற குடும்பங்களை நான் பாத்திருக்கேன், அந்தக் குழந்தை அடுத்த வருஷம் வரும்போது "என்னோட கிளி"ன்னு கேட்டுட்டு வரும்.

கேட்ல பாதி வேலை முடியணும்

உள்ள வந்ததுக்கப்புறம் பிடுங்குறதை விட கேட்லயே முடிக்கிறது நல்லது. பையைத் திறந்து பாக்கும்போது போலீஸ் செக்கிங் மாதிரி இருக்கக்கூடாது, ஏன் எடுக்குறோம்னு ஒரு வரி சொல்லிட்டே எடுக்கணும். தண்ணி பாட்டிலுக்கு பத்து ரூபா வாங்கிட்டு ஸ்டிக்கர் ஒட்டி, திரும்பிப் போகும்போது பாட்டிலைக் காட்டுனா பணத்தைத் திருப்பிக் குடுக்குற முறை நல்லா வேலை செய்யுது. நீலகிரியில டாஸ்மாக் பாட்டிலுக்கு இதே பத்து ரூபா கணக்குல ஆரம்பிச்சதை எல்லாரும் பேப்பர்ல படிச்சிருக்காங்க, அதனால இப்பல்லாம் புரிய வைக்கிறது சுலபமாயிடுச்சு. ஆனா திருப்பிக் குடுக்குற கவுன்டர் சாயங்காலம் அஞ்சு மணிக்கும் ஆளோட இருக்கணும், இல்லைன்னா அடுத்த தடவை வர்றவர் ஸ்டிக்கரையும் கிழிப்பாரு, பாட்டிலையும் உள்ள போடுவாரு.

பாட்டிலை வாங்கி வெச்சுட்டா உள்ள குடிதண்ணி இருக்கணும், இது பேச்சுக்கே இடமில்லாத விஷயம். அதே மாதிரிதான் கட்டுசோறும். ஊர்ல இருந்து வர்ற குடும்பத்தைச் சாப்பாடு கொண்டு வராதன்னு சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. அதுக்குன்னு ஒரு நிழலான இடம், குரங்கு வராத பக்கமா, பெரிய மூடி போட்ட குப்பைத்தொட்டியோட குடுங்க. திறந்த தொட்டி வெச்சா காட்டுல இருந்து வர்ற நாட்டுக்குரங்குக்கு விருந்து வெச்ச மாதிரி. கேட்லயே இன்னும் மூணு விஷயம் சொல்லிடணும், டாய்லெட் எங்க, பேட்டரி வண்டி எங்க ஏறணும், எத்தனை மணிக்கு மூடுவோம். நாள் பூரா நின்னா உங்ககிட்ட வர்ற கேள்வியில பாதி டாய்லெட்தான், அதுக்கு முகம் சுளிக்காம பதில் சொல்ற வாலண்டியர் சொல்ற மத்த விஷயத்தையும் ஜனங்க கேப்பாங்க.

போர்டு எழுதுறது

"விலங்குகளைத் துன்புறுத்துதல் தண்டனைக்குரிய குற்றமாகும்" இந்த மாதிரி போர்டு எல்லா இடத்துலயும் இருக்கு, யாரும் படிக்கிறதில்ல. சட்டப்படி அது இருக்கட்டும். ஆனா அது பக்கத்துலயே பேசுற தமிழ்ல, குழந்தை கண்ணு மட்டத்துல, ஒரே ஒரு விஷயம் எழுதுன போர்டு ஒண்ணு வைங்க. "என் வால் நுனியைப் பாரு, சிங்கத்தோட வால் மாதிரி இருக்கா?" இது சிங்கவால் குரங்கு கூண்டுல. நிறைய பேர் பிடரி மாதிரி இருக்கிற அந்த வெள்ளி முடியைப் பாத்துட்டு அதனாலதான் அந்தப் பேருன்னு நினைச்சுக்கிறாங்க, பேரு வந்தது வால் நுனியில இருக்கிற குஞ்சத்தாலதான். அது திரும்பி வாலைக் காட்டுற வரைக்கும் அவங்க அங்கயே நிப்பாங்க, அந்த நேரத்துல இந்தக் குரங்கு உலகத்துலயே மேற்குத் தொடர்ச்சி மலையில மட்டும்தான் இருக்கு, நம்ம தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா மூணுலயும் சேத்து காட்டுல சில ஆயிரம்தான்னு சொல்லிடலாம்.

பேரைத் தமிழ்ல எழுதுறதுக்கு நான் ரொம்ப அடம் பிடிப்பேன். நீலகிரி லங்கூர்னு எழுதுனா ஒரு வெளிநாட்டு மிருகம் மாதிரி கடந்து போறாங்க, கருமந்தின்னு எழுதுனா பாட்டி ஒருத்தவங்க நின்னு "எங்க அம்மா இதைச் சொல்லுவாங்க"ன்னு பேரனுக்குக் கதை சொல்ல ஆரம்பிக்கிறாங்க. வரையாடு, மிளா, வெளிமான், மரகதப்புறா, இதெல்லாம் நம்ம வாயில இருக்கிற பேரு. அந்தப் பாட்டி அங்க செய்யற வேலையை எந்த போர்டாலயும் செய்ய முடியாது.

வெள்ளைப்புலிகிட்ட மட்டும் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்க, ஏன்னா கூட்டம் அங்கதான், தப்பான எண்ணமும் அங்கதான். அது தனி இனம்னும், பனியில வாழுறதுன்னும், அழிஞ்சு வருது காப்பாத்தணும்னும் நினைச்சுட்டு வர்றாங்க. அது நம்ம வங்கப்புலிதான், நிறம் மாறிப் பிறந்தது. 1951ல மத்திய இந்தியாவுல ரேவா பக்கம் பிடிபட்ட மோகன்ங்கற ஒரே ஆண் குட்டி வழியா வந்த வம்சம்தான் இன்னைக்கு ஜூக்கள்ல பாக்குற பெரும்பாலான வெள்ளைப்புலிங்க, அந்த நிறத்தைத் தக்க வைக்கணும்னு சொந்தத்துக்குள்ளயே சேத்து சேத்து உடம்புல குறையெல்லாம் வந்துச்சு. சொந்தத்துல கல்யாணம் பண்ணா பிள்ளைங்களுக்கு என்ன ஆகலாம்னு நம்ம ஊர்ல சொன்னா உடனே புரியும். இதைச் சொன்னா ஜனங்களுக்கு ஏமாற்றமாயிடும்னு சில பேர் தயங்குறாங்க, எனக்கு அப்படித் தோணல, உண்மையைச் சொன்னதுக்கப்புறம்தான் பக்கத்துல இருக்கிற சாதாரண புலியை நின்னு பாக்குறாங்க.

பாம்பு கூடத்துல நின்னு பேசுறவங்களுக்கு

இங்க உங்க பேச்சு ஒரு உயிரையே காப்பாத்தலாம், அதனால வாய்ப்புக் கிடைச்சா இந்த டூட்டியைக் கேட்டு வாங்குங்க. கண்ணாடியைத் தட்டுறதுதான் இங்க பெரிய தொல்லை. பாம்புக்கு வெளிக்காது கிடையாது, ஆனா அதிர்வு உடம்பு முழுக்கத் தெரியும், அதனால கண்ணாடியைத் தட்டுறது நம்ம தூங்கும்போது கட்டிலை உலுக்குற மாதிரி. அதைச் சொல்லிட்டு நாலு பாம்பைக் காட்டுங்க: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். நம்ம நாட்டுல பாம்புக்கடி சாவுக்குப் பெரும்பாலும் இந்த நாலுதான் காரணம். பக்கத்துலயே சாரைப்பாம்பையும் காட்டி, இது விஷமில்ல, வயல்ல எலியைப் புடிக்கிறதுன்னு வித்தியாசம் சொல்லுங்க.

கடிச்சா என்ன பண்ணணும்னு கேக்காமயே சொல்லுங்க. கயிறு போட்டு இறுக்கக்கூடாது, கத்தியால கீறக்கூடாது, வாய் வெச்சு உறிஞ்சக்கூடாது, மந்திரிக்க வெச்சு நேரத்தைக் கடத்தக்கூடாது, பாம்பைத் தேடிப் புடிச்சுட்டு வரவும் வேணாம். கடிபட்ட கை காலை அசைக்காம நேரா விஷமுறிவு மருந்து இருக்கிற கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போகணும், 108க்கு போன் பண்ணணும். அந்த மருந்துக்கு விஷம் எடுத்துக் குடுக்குற இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம் 1978ல ஆரம்பிச்சது, சென்னைக்குப் பக்கத்துல வடநெம்மேலியில இருக்குங்கறதையும் சேத்துச் சொல்லுங்க. இருளர் பிள்ளைங்க வந்திருந்தா அந்த நேரம் அவங்க மூஞ்சியைப் பாருங்க.

வடநெம்மேலின்னு சொன்னதும் முதலைப் பண்ணையும் ஞாபகம் வருது, 1976ல பாம்பு நிபுணர் ரோமுலஸ் விட்டேகர் ஆரம்பிச்சது. முதலைகிட்ட ஜனங்க செய்யற ஒரே தப்பு, பொம்மையா நிஜமான்னு கல்லு போட்டுப் பாக்குறது. அதுக்கு நான் முதலையோட வாயைக் காட்டுவேன். வாயைப் பொளந்துட்டு ஆடாம அசையாம கிடக்குறது உடம்புச் சூட்டை வெளிய விடுறதுக்கு, சும்மா கிடந்தா தெம்பு மிச்சம், அதனாலதான் அதால பல நாள் சாப்பிடாமலே இருக்க முடியுது. "ரெண்டு நிமிஷம் தொண்டையை மட்டும் பாருங்க, மெதுவா அசையும்"னு சொல்லிட்டு நீங்களும் கூட நின்னு பாருங்க.

ஸ்கூல் பிள்ளைங்க

டீச்சருங்களுக்கு ஒரு வேண்டுகோள், ஒரே நாள்ல மொத்த ஜூவையும் சுத்திக் காட்டாதீங்க. ரெண்டு ரெண்டு பேரா கைகோத்து வரிசையா ஓட்டிட்டுப் போற கூட்டத்துல கடைசிப் பிள்ளை பாக்குறது முன்னாடி போற பிள்ளையோட பையை மட்டும்தான். ஏழு எட்டு மிருகம் போதும், ஒவ்வொரு இடத்துலயும் அஞ்சு நிமிஷம் நிக்கட்டும். பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவங்க வேணும். போர்டுல இருக்கிறதைக் காப்பி அடிக்கிற வேலை குடுக்காதீங்க, அந்தப் பிள்ளை மிருகத்தைப் பாக்காம போர்டைப் பாக்கும். அதுக்குப் பதிலா, இந்த அஞ்சு நிமிஷத்துல இந்தக் குரங்கு என்னென்ன பண்ணுச்சுன்னு எழுதச் சொல்லுங்க, யாரு யாருக்குப் பேன் பாத்தா, யாரு பயந்து ஒதுங்குனா. குரங்கு பல்லைக் காட்டுனா சிரிப்பு இல்ல, பயம் இல்லைன்னா மிரட்டல், கண்ணுக்குக் கண்ணு முறைச்சா சண்டைக்குக் கூப்பிடுற மாதிரின்னு முன்னாடியே சொல்லிட்டா பிள்ளைங்க தானாவே குரங்கு முன்னாடி மூஞ்சியைக் கோணுறதை நிறுத்திடும்.

கோயம்புத்தூர்ல இருக்கிற ஜூ அவுட்ரீச் ஆர்கனைசேஷன்ங்கற அமைப்பை ஆரம்பிச்ச சாலி வாக்கர் அம்மா, அமெரிக்காவுல இருந்து வந்து மைசூர் ஜூல வாலண்டியரா இறங்குனவங்க, ரொம்ப வருஷம் இந்த வேலையையே செஞ்சு 2019ல காலமானாங்க. மிருக முகமூடி, கையில கட்டுற அட்டை, உறுதிமொழி எல்லாம் ஒரு பாக்கெட்ல போட்டுப் பிள்ளைங்களுக்குக் குடுக்குறது அவங்க பழக்கம். செலவு ரொம்பக் கம்மி, நீங்களும் அட்டையில செய்யலாம். கரடி முகமூடி போட்ட பிள்ளைகிட்ட "உன்னைப் பாத்து நாப்பது பேர் கத்துனா எப்படி இருக்கும்"னு கேட்டுட்டு, மத்த பிள்ளைங்களை உண்மையாவே ஒரு நிமிஷம் கத்தச் சொல்லிப் பாருங்க, கூண்டுங்க பக்கம் வேணாம், கேட் பக்கத்துல. அதுக்கப்புறம் அந்த கிளாஸ் நாள் பூரா சத்தமே போடாது.

காணும் பொங்கலும், ஆபத்து நேரமும்

காணும் பொங்கல் அன்னைக்கு வண்டலூர் எப்படி இருக்கும்னு போனவங்களுக்குத் தெரியும், ஆயிரக்கணக்குல குடும்பம் குடும்பமா. அன்னைக்கு கல்வி எல்லாம் ரெண்டாவது, கூட்டம் எங்கயும் அடைச்சு நிக்காம பாத்துக்கறதுதான் மொதல் வேலை. உள்ள வந்ததும் மொதல்ல வர்ற பெரிய பூனை கூண்டுலதான் எல்லாரும் நிப்பாங்க, அங்க ஒரு ஆளு மைக்ல "அடுத்த வளைவுல நீர்யானை தண்ணிக்கு மேல இருக்கு"ன்னு சொல்லிட்டே இருந்தா கூட்டம் தானா நகரும். நகரு நகருன்னு தள்ளுனா நகராது. குழந்தைங்க கையில பெத்தவங்க போன் நம்பர் எழுதுன பட்டையைக் கேட்லயே கட்டிடுங்க. காணாமப் போன குழந்தையை நீங்க தூக்கிட்டு அலையாதீங்க, அங்கயே பத்து நிமிஷம் நின்னுட்டு அறிவிப்பு இடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க, பெத்தவங்க பெரும்பாலும் கடைசியா பாத்த இடத்துக்குத்தான் ஓடி வருவாங்க.

குழந்தையை அகழிச் சுவத்து மேல உக்கார வெச்சு போட்டோ எடுக்குறவங்களைப் பாத்தா இவ்ளோ நேரம் சொன்ன நிதானமெல்லாம் வேணாம். பதறிக் கத்தாம வேகமா போய் மொதல்ல குழந்தையைப் பிடிங்க, அப்புறம் பேசுங்க.

2014 செப்டம்பர் 23, டெல்லி ஜூ. ஒரு இருபது வயசு இளைஞர் வெள்ளைப்புலி அகழிக்குள்ள போயிட்டாரு, அந்தப் புலி கொஞ்ச நேரம் அவர் முன்னாடி நின்னுட்டே இருந்துச்சு, மேல இருந்த ஜனங்க பதட்டத்துல கத்துனாங்க, கல் எறிஞ்சாங்கன்னு பாத்தவங்க சொன்னது எல்லாப் பேப்பர்லயும் வந்துச்சு. அவர் பிழைக்கல. காப்பாத்தணும்னு நினைச்சுத்தான் எறிஞ்சிருப்பாங்க, அதுதான் மனசை அறுக்குது. நீங்க அங்க நிக்கிற ஆளா இருந்தா செய்ய வேண்டியது: ரேடியோவுல ஒரே வரியில எந்த அகழின்னு சொல்லணும், கூட்டத்தை சுவத்துல இருந்து பின்னாடி இழுக்கணும், எல்லாரையும் வாயை மூட வைக்கணும், யாரும் எதையும் எறியக்கூடாது, போன் தூக்கிட்டு எட்டக்கூடாது. உள்ள இருக்கிறவருக்கு ஒருத்தர் மட்டும் தாழ்ந்த குரல்ல "ஓடாதீங்க"ன்னு சொல்லணும். கீப்பர் கூப்பிட்டா நைட் ஷெல்டருக்கு வரப் பழகுன மிருகம்னா அவர் குரல் அதுக்குக் கேக்கணும், நாப்பது பேர் சத்தத்துல அது எப்படிக் கேக்கும்? மயக்க ஊசி போட்டாலும் வேலை செய்ய நிமிஷக்கணக்காகும், 2016ல சின்சினாட்டி ஜூல ஒரு குழந்தை விழுந்தப்ப ஹராம்பேங்கற கொரில்லாவை ஊசி போடாம சுட்டதுக்கு அதைத்தான் காரணமா சொன்னாங்க. இதை வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது ஒத்திகை பாக்கணும், டீக்கடைக்காரர், பேட்டரி வண்டி டிரைவர் எல்லாரையும் சேத்துக்கிட்டு.

சளி இருமலோட வர்றவங்களைக் குரங்கு, பெரிய பூனை பக்கம் தள்ளி நிக்கச் சொல்றதும் நம்ம வேலைதான், யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. மனுஷ நோய் மிருகத்துக்கும் வரும்னு கொரோனா காட்டிடுச்சு, 2021 ஜூன்ல வண்டலூர்ல சிங்கங்களுக்குத் தொத்தி, நீலாங்கற பெண் சிங்கம் செத்துப் போச்சு, ஜூவை ஜனங்களுக்கு மூடி வெச்சிருந்த நேரத்துலயே.

"பாவம், எதுக்குங்க அடைச்சு வெச்சிருக்கீங்க?"

பன்னெண்டு வயசுப் பிள்ளைங்கதான் இதை அதிகமா கேக்குறாங்க, தப்பிக்கப் பாக்காதீங்க. நான் சொல்றது: ஆமா, காட்டுல இருக்கிறதுதான் அதுக்கு நல்லது, நீ கேட்டது சரியான கேள்வி. இங்க இருக்கிறதுல நிறைய இங்கயே பிறந்தது, சிலது காயம்பட்டோ கடத்தல்காரங்ககிட்ட இருந்து மீட்டோ வந்தது, திரும்ப விட்டா பிழைக்காது. ஜூக்களைக் கவனிக்கிறதுக்குன்னே 1992ல மத்திய உயிரியல் பூங்கா ஆணையம்னு ஒண்ணு வந்துச்சு, வாரத்துல ஒரு நாளாவது ஜனங்களை விடாம மூடணும்னு விதியிருக்கு, வண்டலூர்ல அது செவ்வாக்கிழமை. காட்டு ஆசியச் சிங்கம் உலகத்துலயே குஜராத்துல மட்டும்தான் இருக்கு, அங்க ஒரு நோய் வந்தா என்ன ஆகும்னு யோசிச்சு வெளியிலயும் கொஞ்சம் வளக்குறாங்க. இதெல்லாம் சொல்லிட்டு, கூண்டு சின்னதா இருந்தா சின்னதுன்னு ஒத்துக்கோங்க. "அப்ப பெருசா கட்டச் சொல்லி எழுதலாமா?"ன்னு ஒரு பொண்ணு கேட்டா. கேட்ல இருக்கிற கருத்துப் புத்தகத்தைக் காட்டுனேன், நின்னு ஒரு பக்கம் எழுதிட்டுத்தான் பஸ் ஏறுனா.

சாயங்காலம் கடைசி ஆள் வெளிய போனதும் உடனே கிளம்பாதீங்க. ஒரு பத்து நிமிஷம் உங்க ஏரியாவை நடந்து, அகழிக்குள்ள விழுந்த கவர், மூடி, கல்லு எல்லாம் எங்கெங்க கிடக்குதுன்னு கீப்பர்கிட்ட சொல்லுங்க, அவர் மிருகத்தை நைட் ஷெல்டருக்குள்ள வாங்குனதும் எடுத்துருவாரு. எந்த இடத்துல அதிகமா கிடக்குதோ அடுத்த வாரம் அங்க நில்லுங்க. அன்னைக்கு உங்களால பதில் சொல்ல முடியாத கேள்வியை நோட்டுல எழுதிக்கோங்க. என் நோட்டுல போன ஞாயித்துக்கிழமை எழுதுனது ஒண்ணு இருக்கு, ரெண்டாங்கிளாஸ் பையன் நீர்யானைகிட்ட நின்னு கேட்டது: "இது தண்ணிக்குள்ள அழுதா எப்படித் தெரியும்?" டாக்டர்கிட்ட கேக்கணும்.